ஒரே பாலைக் கட்டம், இரண்டு விடைகள்: சிவிலைசேஷன் 6-இல் அதிசயங்களை எந்த நகரத்தில் கட்டுவது?

சிவிலைசேஷன் என்பது வரைபடக் கட்டங்களில் நகரங்களை வைத்து, டர்ன் டர்னாக (முறை முறையாக) ஒரு நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டு, அதில் உலகப் புகழ்பெற்ற கட்டடங்களைத்தான் அதிசயங்கள் என்கிறார்கள். அவற்றில் பிரமிடும் பெட்ராவும் கேட்கும் நிலம் ஒன்றுதான். குன்று இல்லாத பாலைக் கட்டம், அல்லது பாலையில் ஓடும் ஆற்றின் வெள்ளச் சமவெளி. அதனால் பாலை எந்த நகரத்தின் எல்லைக்குள் முதலில் கண்ணில் படுகிறதோ அங்கேயே இரண்டையும் வரிசையில் போட்டுவிடுகிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஆடினேன். ஆனால் பிரமிட் கொடுக்கும் பலன் நாடு முழுவதற்கும்: எந்த ஊரில் எடுத்தாலும் வயல், சுரங்கம் போடும் தொழிலாளியான ஒவ்வொரு பில்டரும் ஒரு வேலை கூடுதலாகச் செய்ய முடியும், கூடவே ஒரு பில்டர் இலவசம். பெட்ராவின் பலன் அதைக் கட்டிய அந்த ஒரு நகரத்தின் பாலைக் கட்டங்களுக்கு மட்டும். ஒன்றை யார் சீக்கிரம் முடிப்பாரோ அவரிடம் கொடுக்கலாம், இன்னொன்றை நிலம் எங்கே காத்திருக்கிறதோ அங்கே கொண்டுபோக வேண்டும். அதிசயத்தை எங்கே கட்டுவது என்ற குழப்பம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது என் கருத்து, ஆனால் ஆட்டத்தின் நடுவில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் இந்தத் தலைவலி குறைவு. அதிசயங்கள் நகரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், வரைபடத்தில் இடம் பிடிக்காது, ஆகவே உற்பத்தி அதிகமுள்ள தலைநகரத்தில் அடுக்கிக்கொண்டே போகலாம். 2016-இல் வந்த ஆறாம் பாகத்தில் ஒவ்வொரு அதிசயமும் நகர மையத்திலிருந்து மூன்று கட்டத் தூரத்துக்குள் ஒரு முழுக் கட்டத்தை விழுங்கிவிடும். அதற்கப்புறம் அங்கே வயல் கிடையாது, சுரங்கம் கிடையாது, டிஸ்ட்ரிக்ட்டும் (நகரத்தின் சிறப்பு வட்டாரம்) கிடையாது. மற்ற கட்டங்களைப் பக்கத்து ஊருக்கு மாற்றிக் கொடுக்கலாம், அதிசயம் நிற்கும் கட்டத்தை அதுவும் முடியாது. ஐந்தில் பழகியவர்கள் ஆறுக்கு வந்தும் தலைநகரத்திலேயே எல்லாவற்றையும் போடுவது இந்தப் பழக்கத்தால்தான்.

சரி, தலைநகரத்துக்குள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன நியாயமும் இல்லை. கொலோசியத்துக்கு 400 உற்பத்தி வேண்டும். டர்னுக்கு 20 தரும் தலைநகரம் அதை 20 டர்னில் முடிக்கும், 8 தரும் இரண்டாவது ஊருக்கு 50 டர்ன் ஆகும். ஒவ்வொரு அதிசயமும் உலகத்தில் ஒன்றுதான் என்பதால், அந்த 30 டர்ன் வித்தியாசத்தில் வேறொருவர் முடித்துவிட்டால் கதை முடிந்தது. டெய்ட்டி என்ற மிகக் கடினமான நிலையில் ஏஐ (கணினி ஆடும் எதிரி) மூன்று செட்லர்களோடு (புது நகரம் நிறுவுபவர்கள்) ஆட்டத்தைத் தொடங்குகிறது, அங்கே தொடக்க கால அதிசயம் ஒன்றைத் தலைநகரத்தில் போட்டாலே கிடைப்பது நிச்சயமில்லை.

ஆனால் அதே தொடக்க காலத்தில்தான் தலைநகரத்துக்கு வேறு வேலையும் இருக்கிறது. பிரமிடின் விலை 220. முதலில் பயிற்றுவிக்கும் செட்லர் 80, அடுத்தவர் 110, இரண்டும் சேர்த்து 190தான். அதாவது ஒரு பிரமிடின் விலையில் இரண்டு புது நகரங்கள் வந்து இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். நிலம் பக்கத்தில் காலியாகக் கிடக்கிறது, எதிரி இன்னும் வரவில்லை என்றால் நான் யோசிக்காமல் செட்லர் பக்கம் போவேன். சுற்றிலும் கடலோ மலையோ, விரிய இடமே இல்லை என்றால் மட்டும் தலைநகரம் அதிசயத்தில் இறங்கட்டும்.

தலைநகரத்துக்கென்றே செய்தது போல் இருப்பது ஆரக்கிள் என்ற அதிசயம். அதைக் கட்டிய நகரத்தில் உள்ள ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் அதனதன் வகை மேதைகளுக்கான (விஞ்ஞானி, பொறியாளர் போன்றோரை ஈர்க்கும்) புள்ளிகளைக் கூடுதலாக 2 தரும். டிஸ்ட்ரிக்ட் எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது, மக்கள்தொகை முதலில் ஏறுவது தலைநகரத்தில், ஆகவே வேறு ஊரைத் தேட வேண்டியதே இல்லை. ஒரே வலி, அது குன்றுக் கட்டம் கேட்கும், ஒரு சுரங்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கலாம்.

இனி நிலத்துக்காகக் கட்டுவது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். வெறும் சமதளப் பாலைக் கட்டம் எதையும் தராது, உணவு பூஜ்யம், உற்பத்தி பூஜ்யம். பாலைக் குன்று ஓர் உற்பத்தி தரும். பெட்ரா வந்தவுடன் அந்த நகரத்தின் ஒவ்வொரு பாலைக் கட்டத்துக்கும் 2 உணவு, 2 தங்கம், 1 உற்பத்தி சேர்கிறது. வெள்ளச் சமவெளிக்கு மட்டும் இது சேராது, இதைக் கவனிக்காமல் நைல் மாதிரி ஆற்றங்கரையில் பெட்ரா கட்டி ஏமாந்தவர்கள் நிறைய. நிஜமான லாபம் பாலைக் குன்றுகளில். சுரங்கம் போட்ட குன்று ஒன்று 2 உணவும் 3 உற்பத்தியும் 2 தங்கமும் தரும் என்றால், அப்படி ஏழெட்டு குன்றுகள் உள்ள ஊர் சில டர்ன்களில் தலைநகரத்தையே முந்திவிடும். தன்னைத் தானே ஊட்டிக்கொண்டு வளரும் ஊர் அது, வெளியிலிருந்து எதுவும் கேட்காது.

இதே பெட்ராவைத் தலைநகரத்தின் ஓரத்தில் இருக்கும் இரண்டு பாலைக் கட்டங்களை நம்பிக் கட்டியிருக்கிறேன். ஒன்றில் பெட்ரா உட்கார்ந்துவிட்டது, மீதி ஒன்றுக்குத்தான் பலன். 400 உற்பத்தி செலவழித்து ஒரு கட்டத்தைத் திருத்தியிருக்கிறேன். அந்த ஆட்டத்தில் தெற்கே பன்னிரண்டு கட்டம் தள்ளி நல்ல பாலைக் குன்றுத் தொடர் ஒன்று இருந்தது. செட்லரும் கையில் இருந்தார், ஆனால் அவரை மழை நிலத்துக்கு அனுப்பியிருந்தேன், பாலை என்றாலே கண் தானாக விலகிப்போகும் பழக்கம்.

சீச்சென் இட்சா மழைக்காட்டுக்கு இதே வேலையைச் செய்கிறது: அந்த நகரத்தின் ஒவ்வொரு மழைக்காட்டுக் கட்டத்துக்கும் 2 பண்பாடு, 1 உற்பத்தி. புனித பசில் தேவாலயம் துந்திரக் கட்டங்களுக்கு உணவு, உற்பத்தி, பண்பாடு மூன்றிலும் ஒவ்வொன்று. மௌசோலியம் கடலோரக் கட்டங்களுக்கு. இவை நான்கையும் நான் கேடு கெட்ட நிலத்தின் மருந்துகள் என்று பார்க்கிறேன், நல்ல நிலத்தில் கட்டினால் வீண். சீச்சென் இட்சாவில் இன்னொரு விஷயம், காட்டை முன்கூட்டியே வெட்டிவிட்டால் பிறகு வருந்துவதில் பயனில்லை, ஆகவே அந்த ஊரில் பில்டரை அனுப்பும்போதே முடிவு எடுத்துவிட வேண்டும். அதன் விலை 710 என்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கேதான் பெரிய சிக்கல். நிலம் கேடு கெட்டது என்பதால்தான் அந்த ஊருக்கு அதிசயம் தேவைப்படுகிறது, நிலம் கேடு கெட்டது என்பதாலேயே அதற்கு அதிசயம் கட்டத் தெம்பும் இல்லை. இதற்கு வழிகள் இருக்கின்றன. அந்தச் சின்ன ஊரிலிருந்து டிஸ்ட்ரிக்ட் நிறைந்த உங்கள் பெரிய நகரத்துக்கு வணிகப் பாதை ஒன்று போடுங்கள், உணவும் உற்பத்தியும் பாதை கிளம்பிய ஊருக்கு வரும், தலைநகரத்துக்கு எந்த இழப்பும் இல்லை. கார்வே கொள்கை அட்டை பழங்கால, செவ்வியல் கால அதிசயங்களுக்கு 15% கூட்டித் தரும். எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி மிலீட்டஸ் இசிடோர் என்ற பொறியாளர் மேதை. அவரை அதிசயம் எழும் கட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு முறை பயன்படுத்தினால் 215 உற்பத்தி, இரண்டு முறை பயன்படுத்தலாம். கூட்டிப் பாருங்கள், 430, பெட்ராவின் முழு விலையையும் தாண்டுகிறது. அவர் வாசலுக்கு வந்து நிற்கும்போது அவரைத் தலைநகரத்தில் செலவழிப்பது எனக்கு மனசே வராத காரியம், தலைநகரம் தன் சொந்தக் கையால் கட்டிக்கொள்ளும்.

சீன அரசர் சின் ஷி ஹுவாங்கை எடுத்து ஆடுபவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவருடைய பில்டர்கள் ஒரு வேலையைச் செலவழித்துத் தொடக்க கால அதிசயத்தின் 15% விலையைக் கட்டிவிடுவார்கள், ஊரின் உற்பத்தியைப் பற்றிக் கவலையே வேண்டாம், நிலத்தை மட்டும் பார்த்தால் போதும். எகிப்து என்றால் ஆற்றங்கரைக் கட்டத்தில் போடும் அதிசயத்துக்கு 15% கூடும். ஆக, யாரை எடுத்து ஆடுகிறோம் என்பதே இடத்தைப் பாதி முடிவு செய்துவிடுகிறது.

மூன்றாவது வழி காட்டை வெட்டிக் கட்டுவது. இது 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்துக்குப் பிறகு பலம் பெற்றது, ஏனென்றால் அதில்தான் மேக்னஸ் என்ற ஆளுநர் வந்தார். அவர் இருக்கும் ஊரில் காடு வெட்டினால் 50% கூடுதல். தொடக்கத்தில் ஒரு காட்டுக் கட்டம் 20 உற்பத்திதான் தரும், ஆராய்ச்சியும் பண்பாடும் முன்னேற முன்னேற அதே காடு பல மடங்கு தரும். ஆட்டத்தின் நடுப்பகுதியில் காடு சூழ்ந்த இடத்தில் புதிதாக ஓர் ஊரை வைத்து, மேக்னஸை அனுப்பி, அவர் நிலைகொள்ள ஆகும் ஐந்து டர்ன்கள் காத்திருந்து, இரண்டு பில்டர்களைக் கூட அனுப்பினால் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும் ஊர் பெரிய அதிசயம் ஒன்றை எழுப்பி நிற்கும்.

இதற்கு ஏற்றது தடை செய்யப்பட்ட நகரம் என்ற அதிசயம். நகர மையத்தை ஒட்டிய சமதளக் கட்டம் போதும், புது ஊருக்கு அந்த முதல் வளையக் கட்டங்கள் பிறக்கும்போதே சொந்தம். அது தரும் கூடுதல் கொள்கை அட்டை இடம் நாடு முழுவதற்கும், எந்த மூலையில் நின்றாலும் ஒன்றுதான். தலைநகரத்தில் மையத்தை ஒட்டிய ஆறு கட்டங்களுக்குப் பெரிய போட்டி இருக்கும், நீர்க்கால்வாய் அங்கேதான் வர வேண்டும், ஈஃபில் கோபுரமும் அங்கேதான் கேட்கும். அந்த ஆறில் ஒன்றை 920 உற்பத்தி கொடுத்து அடைப்பதைவிடப் புது ஊரிடம் விடுவது மேல். ஆனால் ஒன்று: காடு ஒரு முறைதான் வெட்ட முடியும். அதற்கப்புறம் அந்த ஊர் வெறும் ஊராக நிற்கும், மரம் அறுக்கும் ஆலைக்குக்கூட வழியிருக்காது. நல்ல நிலமுள்ள, வளரக்கூடிய ஊரை இப்படி மொட்டையடிக்காதீர்கள், எப்படியும் பெரிதாகப் போகாத ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

மச்சு பிச்சு இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. அது மலை மேலேயே ஏறி நிற்கும், எரிமலையாக மட்டும் இருக்கக் கூடாது. மலையில் வயலோ சுரங்கமோ டிஸ்ட்ரிக்ட்டோ போட முடியாது என்பதால் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம். யார் சீக்கிரம் முடிப்பாரோ அவர் கட்டட்டும்.

கொலோசியம் வேறு மாதிரி. 6 கட்டத்துக்குள் இருக்கும் நகர மையங்களுக்கெல்லாம் அமெனிட்டி (மக்களை மகிழ்ச்சியாக வைக்கும் வசதி) தரும், ஆகவே உங்கள் நாட்டின் நடுவில் எந்த ஊர் இருக்கிறதோ அதுதான் சரி. தலைநகரம் கடலோரத்தில் இருந்தால் கொலோசியத்தின் வட்டத்தில் பாதி தண்ணீருக்குப் போய்விடும். மூன்று ஊரை எட்டுவதற்கும் ஆறு ஊரை எட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது, 10 டர்ன் தாமதமானாலும் நடு ஊரில் கட்டுவேன். பண்பாட்டு வெற்றிக்கு ஆடும்போது தியேட்டர் ஸ்கொயர் என்ற பண்பாட்டு டிஸ்ட்ரிக்ட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும், இப்போதைய பதிப்பில் அதை ஒட்டி நிற்கும் ஒவ்வொரு அதிசயத்துக்கும் அது 2 பண்பாடு கூட்டும், அந்த அதிசயம் எந்த ஊருடையது என்று அது பார்ப்பதில்லை. இரண்டு ஊர்களை நெருக்கமாக வைத்து நடுவில் தியேட்டர் ஸ்கொயரைப் போட்டால் இரண்டு ஊரும் ஆளுக்கொரு பக்கம் அதிசயத்தை ஒட்டலாம்.

எல்லை ஊரில் கட்டுவதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. விசுவாசம் குறைந்து ஊர் பிரிந்துபோனால் அதிசயமும் அதோடு போய்விடும், போரில் இழந்தாலும் அப்படியே. நிலம் அங்கே மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒழிய, எல்லையில் கட்ட வேண்டாம்.

ரூர் பள்ளத்தாக்கு என்ற அதிசயம்தான் எனக்கு இன்னும் ஒவ்வொரு ஆட்டத்திலும் தூக்கம் கெடுப்பது. ஆற்றை ஒட்டி, தொழிற்சாலை உள்ள தொழில் வட்டாரத்தையும் ஒட்டி இருக்க வேண்டும். அந்த நகரத்தின் உற்பத்தி 20% ஏறும், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கல்குவாரிக்கும் ஒன்று கூடும். தலைநகரம் என்றுதான் கை போகும், ஆனால் அந்தக் காலத்துக்குள் தலைநகரத்தின் ஆற்றங்கரை முழுவதும் வணிக வட்டாரமும் மற்றதும் நிறைந்துவிடும், சுரங்கங்களில் பாதி டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குப் பலியாகியிருக்கும். குன்று நிறைந்த மூன்றாவது நான்காவது ஊரை எண்ணிப் பாருங்கள், அங்கே ஒன்பது சுரங்கம், தலைநகரத்தில் நான்கு என்றால் விடை தெளிவு. எண்ணிக்கை நெருங்கி வந்தால் தலைநகரம், ஏனென்றால் 20% என்பது பெரிய தொகைக்குத்தான் பெரிதாகத் தெரியும்.

இதற்காக நான் இப்போது செய்வது, ஊரை வைத்த அதே டர்னில் வரைபடக் குறி ஒன்றை ஆற்றங்கரைக் கட்டத்தில் குத்திவிடுவது. போன ஆட்டத்தில் 40-ஆவது டர்னில் குத்திய குறி நூறு டர்னுக்கு மேல் அங்கேயே இருந்தது, பில்டர் இரண்டு முறை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் போயும் வயல் போடாமல் திரும்பினார். கடைசியில் ரூர் அங்கேதான் எழுந்தது.