ஓக் வாடல் நோய்: ஊசியா, அகழியா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், குறிப்பாக ஆஸ்டின் சுற்றுவட்டாரத்தில், லைவ் ஓக் (ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் ஓக் வகை) மரம் ஒன்று இலையை உதிர்க்கத் தொடங்கினால் முதலில் கீழே கிடக்கும் இலையை எடுத்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி, இடைப்பட்ட பகுதி பச்சையாகவே இருந்தால் ஓக் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோயான ஓக் வாடல் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். இளவேனிலில் பழைய இலைகளை உதிர்ப்பது அந்த மரத்தின் இயல்பு; அதைக் கண்டு பதறிப்போய்க் கோடரியைத் தூக்கக் கூடாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் தாவர நோய் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம்.

நோய் உறுதியானதும் பெரும்பாலானோர் நாடுவது ஊசி மருந்தைத்தான். மரத்தின் அடியில் வேர்கள் புடைத்துத் தெரியும் இடத்தில் சிறு துளைகள் போட்டு, புரோப்பிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலைச் செலுத்துவார்கள். நம்மூர் வாழைத் தோட்டங்களில் இலைப்புள்ளி நோய்க்குத் தெளிக்கிறார்களே, அதே மருந்துதான். பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டியதில்லை, புல்தரையும் பாழாகாது. நோய் தொற்றுவதற்கு முன்பே கொடுத்தால் நல்ல பலன் உண்டு. ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் செலுத்த வேண்டியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஊசி காப்பது அந்த ஒரு மரத்தை மட்டுமே. லைவ் ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பூஞ்சை அந்த வழியாகவே ஆண்டுக்குச் சுமார் 75 அடி நகர்கிறது. ஊசி போட்ட மரம் மேலே பசுமையாக நிற்க, அதன் வேர் வழியாகவே நோய் அடுத்த வீட்டு மரத்துக்குப் போய்ச் சேரலாம். இதைச் சொல்லாமல் ஊசியை விற்பவர்கள் மீது எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு.

அகழி அந்தப் பாதையையே துண்டிக்கிறது. அறிகுறி தெரியும் கடைசி மரத்திலிருந்து 100 அடி தள்ளி, குறைந்தது 4 அடி ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். வேரை அறுப்பதுதான் நோக்கம் என்பதால், தோண்டிய கையோடு மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். சிரமமும் அதிகம்தான். சுண்ணாம்புப் பாறை நிறைந்த மண்ணில் பாறை அறுக்கும் இயந்திரம் வேண்டும். தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பல வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அகழிக்கு உட்புறம் நிற்கும் நல்ல மரங்களும் பலியாகலாம். தன் வீட்டு மரம் கோட்டுக்கு உள்ளே மாட்டுகிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் மனம் வரும்?

இருந்தும் லைவ் ஓக் கூட்டமாக நிற்கும் தெருவில் என் வாக்கு அகழிக்குத்தான். கோட்டுக்கு உள்ளே சிக்கிய, இன்னும் வாடாத பெரிய மரங்களுக்கு ஊசி போடலாம். மற்ற ஓக் மரங்களோடு வேர்த் தொடர்பில்லாமல் தனித்து நிற்கும் மரத்துக்கு ஊசி மட்டும் போதும்.

சிவப்பு ஓக் என்ற இன்னொரு வகை விஷயத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அறிகுறி தெரிந்த சில வாரங்களிலேயே அது பட்டுப்போகும். அதன்பின் ஊசிக்குச் செலவழிப்பது வீண். பட்டைக்கு அடியில் பழவாசனை வீசும் பூஞ்சைத் திட்டு உருவாகி, சாறு குடிக்கும் வண்டுகளை இழுக்கும். அவை வித்துகளைச் சுமந்துகொண்டு வேறொரு ஓக் மரத்தின் புதுக் காயத்தில் போய் உட்காரும். புதிய இடத்தில் நோய் இப்படித்தான் தொடங்குகிறது. ஆகவே நோய் கண்ட சிவப்பு ஓக்கை வெட்டி எரிக்கவோ புதைக்கவோ துண்டு துண்டாக அரைக்கவோ வேண்டும். விறகாக வெளியூருக்கு அனுப்பவே கூடாது.

ஊசி, அகழி இரண்டையும்விட மலிவான வழி கவாத்துக் கட்டுப்பாடு. டெக்சாஸில் பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் கிளைகளை வெட்டாதீர்கள். வடக்கே உள்ள மினசோட்டா மாநிலத்தில் ஆபத்தான காலம் ஏப்ரல் முதல் ஜூலை வரை. புயலில் கிளை முறிந்து வெட்டியே ஆக வேண்டுமென்றால், வெட்டுவாயில் உடனே பெயின்ட் பூசுங்கள். டெக்சாஸில் எந்த மாதமானாலும் பூசுவதே பாதுகாப்பு. கடையில் கிடைக்கும் சாதாரணப் பெயின்டே போதும். ஏணியில் ஏறும்போதே டப்பாவையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.