எடிசனா, டாலஸா, ஃப்ரீமான்ட்டா: ஐஇபி உள்ள பிள்ளைக்கு எந்த ஊர்?

என் கணவரின் அலுவலகத்தில் மூன்று ஊர்களைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம், டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம். மூன்றிலும் நம்மவர்கள் நிறைய. விசாரித்த எல்லாரும் சொன்னது ஸ்கூல் ரேட்டிங்தான். அந்த ரேட்டிங் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் போடுவது. எங்கள் மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம், மூன்று நான்கு வார்த்தை சேர்த்துத்தான் பேசுவான். இப்படிப்பட்ட பிள்ளைக்கென்று பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்தான் ஐஇபி. அவனை அந்தப் பள்ளி எப்படி நடத்தும் என்று ரேட்டிங்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அடிப்படை எங்கேயும் ஒன்றுதான். 1975-இல் வந்து இன்று ஐடிஇஏ என்று அழைக்கப்படும் மத்தியச் சட்டத்தின்படி, பிள்ளைக்குப் பொருத்தமான கல்வியைப் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இலவசமாகத் தந்தாக வேண்டும். விசா எதுவானாலும் மறுக்க முடியாது. மாநிலம் மாறிப் போனால், புது மாவட்டம் தன் மதிப்பீட்டை முடிக்கும்வரை பழைய ஐஇபிக்கு ஈடான உதவிகளைத் தர வேண்டும். அதற்கு மேலே என்ன கிடைக்கிறது என்பதில்தான் மூன்று மாநிலங்களும் பிரிகின்றன.

டெக்சாஸில் முதலில் கண்ணில் படுவது வீட்டு விலை. மற்ற இரண்டு ஊர்களிலும் அந்தப் பணத்துக்கு அவ்வளவு பெரிய வீடு கிடைக்காது. ஆனால் 2004-இலிருந்து அந்த மாநிலம் சிறப்புக் கல்வி பெறுபவர்கள் மொத்த மாணவர்களில் 8.5%-க்கு மேல் போகக் கூடாது என்பதுபோல் ஓர் இலக்கு வைத்திருந்தது. 2016-இல் ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று அதை வெளிக்கொண்டுவந்த பிறகு, 2017-இல் சட்டம் போட்டு நீக்கினார்கள். அத்தனை வருடம் உதவி கிடைக்காமல் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இன்றைய நிலைமை வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 11 வகை உத்திகளை ஐஇபி கூட்டத்தில் (அங்கே ஏஆர்டி என்பார்கள்) கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தரும் பயிற்சியும் பெற்றோருக்கான பயிற்சியும் அதில் அடக்கம். இந்தப் பட்டியலைத் தெரிந்துகொண்டு போகிற பெற்றோருக்கு டெக்சாஸ் மோசமில்லை. பள்ளிக்கு வெளியே கிடைக்கும் மெடிக்எய்ட் வெய்வர் (அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே கிடைக்கும் துணை) உதவிக்குத்தான் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பலம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. 1969-இல் தொடங்கும் லேன்டர்மன் சட்டத்தின் கீழ் அங்கே 21 ரீஜனல் சென்டர்கள் இயங்குகின்றன. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு ஆயுள் முழுவதும் துணை, அதுவும் குடியேற்ற நிலையைப் பார்க்காமல். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளை பள்ளிப் பருவத்தின் கடைசியில் இருந்திருந்தால், வாடகையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியாவது அங்கே போயிருப்பேன்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு என் கணக்கு வேறு. பள்ளியோடு கருத்து வேறுபாடு வந்து ஹியரிங் (முறையான விசாரணை) வரை போனால், டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் முறையிடும் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் அது பெற்றோர். நியூ ஜெர்சியில் 2008 முதல் அந்தப் பொறுப்பு மாவட்டத்தின் தலையில். இந்த ஒன்றே ஐஇபி மேசையில் பேச்சின் தொனியை மாற்றிவிடுகிறது. ஆட்டிசம் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பதும் அங்கே மாநில விதி. மாவட்டத்தில் ஏற்ற வகுப்பு இல்லையென்று முடிவானால், வெளியே உள்ள சிறப்புப் பள்ளிக்குக் கட்டணமும் பேருந்தும் மாவட்டச் செலவு. நல்லதுதான், ஆனால் பிள்ளை தினமும் நீண்ட நேரம் வண்டியில் உட்கார வேண்டிவரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு படிக்க முடியாது. அதனால், வகுப்பு உள்ளூரிலேயே இருக்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

நியூ ஜெர்சியில் சுமார் 600 பள்ளி மாவட்டங்கள். ரேட்டிங் உச்சத்தில் இருந்த ஒன்றுக்கு முதலில் போனோம். “இந்த மாதிரிப் பிள்ளைகளை நாங்கள் பெரும்பாலும் வெளியேதான் அனுப்புகிறோம்” என்றார்கள். வகுப்பைக் காட்டவும் இல்லை. நடுத்தர ரேட்டிங் உள்ள இன்னொன்றில் கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னார்கள். ஆறு பிள்ளைகள். மதிய உணவை மற்ற வகுப்புகளோடு சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் பள்ளியின் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தத்தில் வருபவரா என்று கேட்டோம். நிரந்தரம், ஒன்பது வருடமாக அதே பள்ளி. மிடில் ஸ்கூலுக்குப் போகும்போது இந்த வகுப்பு தொடருமா என்றும் கேட்டோம். அந்தக் கட்டடத்தையும் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

அந்த மாவட்டத்தில் இரண்டு அறை அபார்ட்மென்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒரு வருடம் அவன் அந்த வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று பார்த்த பிறகுதான் வீடு வாங்கும் பேச்சு.