கொள்ளுத்தாத்தாவைத் தேட ஃபேமிலிசர்ச் எவ்வளவு தூரம் உதவும்?

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கொள்ளுத்தாத்தாவிடம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். தாத்தா பாட்டியின் பிறந்த ஊர், தொழில், உடன்பிறந்தோர் பெயர்கள் எல்லாம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே கிடைத்துவிடுகின்றன. அதற்கு முந்தைய தலைமுறை என்று வரும்போது ஒரு பெயரும், "எங்கிருந்தோ வந்தவராம்" என்பது போன்ற அரைகுறைச் செய்தியும் மட்டுமே எஞ்சுகின்றன. அவரை நேரில் பார்த்தவர்கள் எவரும் உயிரோடு இல்லாதபோது ஆவணங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அப்படி நழுவிக்கொண்டே போகும் ஒருவரைத் தேடுவதற்கு ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆய்வு இணையதளம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை, அதை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணமின்றிக் கிடைக்கும் சேவைகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். ஆனால் முகப்பில் தெரியும் தேடல் பெட்டியோடு நின்றுவிடுகிறவர்கள் இதன் உண்மையான செல்வத்தைப் பார்ப்பதே இல்லை. அது பதிவேட்டுப் பக்கங்களின் படங்களில் இருக்கிறது.

இந்தத் தளத்தை நடத்துவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டதும் மார்மன் திருச்சபை என்று பரவலாக அறியப்படுவதுமான திருச்சபை. அதன் வம்சாவளிச் சங்கம் 1894-இல் தொடங்கப்பட்டது; 1938 முதல் அது தேவாலயங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் இருந்த பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எனப்படும் சிறு படச்சுருள்களில் படம்பிடித்துச் சேர்க்கத் தொடங்கியது. இணையதளம் 1999-இல் வந்தது. சுருள்களைத் திருச்சபையின் உள்ளூர்க் குடும்ப வரலாற்று மையங்களுக்கு வரவழைத்துப் பார்க்கும் பழைய முறை 2017-இல் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 24 லட்சம் சுருள்களை எண்மமாக்கும் பணி 2021-இல் முடிந்தது. கணக்குத் தொடங்க எவருக்கும் கட்டணமில்லை. திருச்சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

தேடல் பெட்டியில் பெயரையும் ஆண்டையும் இட்டவுடன் வரும் முடிவுகள் அட்டவணையிலிருந்து வருபவை. அந்த அட்டவணை, பதிவேட்டின் கையெழுத்தைத் தன்னார்வலர்களோ கணினியோ படித்துத் தட்டச்சு செய்தது. படித்தவர் ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்திருந்தால், நாம் தேடும் மனிதர் ஆவணத்தில் இருந்தும் முடிவுகளில் வரமாட்டார். அதனால்தான் இந்தத் தளத்தின் நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் மிக முக்கியமானவை. பெயரின் நடுவில் நட்சத்திரம் இட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்துகள் இருந்தாலும், கேள்விக்குறி இட்டால் ஏதேனும் ஓர் எழுத்து இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். இன்னொரு வழி, குடும்பப் பெயரையே காலியாக விட்டுவிட்டு, மனைவியின் பெயரையும் பிள்ளை ஒருவரின் பெயரையும் மட்டும் கொடுத்துத் தேடுவது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் எவ்வளவு சிதைந்து பதிவாகியிருந்தாலும், அவரைச் சுற்றியிருந்தவர்களின் பெயர்கள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் குடியேற வந்து நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கியவர்களின் பெயர்களை அங்கிருந்த அதிகாரிகள் மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. அது உண்மையல்ல. கப்பல் பயணிகளின் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது; தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்களில் பலர் குடியேறிய பிறகு தாமாகவே மாற்றிக்கொண்டவர்கள். எனவே பயணிகள் பட்டியலில் பழைய பெயரையும், பிந்தைய ஆவணங்களில் புதிய பெயரையும் தேடுவதே சரி.

இனி, நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். தளத்தில் உள்ள படங்களில் பெரும் பகுதி பெயர்வாரியாக இன்னும் அட்டவணைப்படுத்தப்படாதது. 'படங்கள்' என்ற பிரிவிலோ நூலகப் பட்டியலிலோ ஊர், ஆண்டு, ஆவண வகை ஆகியவற்றைக் கொடுத்தால், பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்க்கலாம். பெயர்களுக்கு அட்டவணை இருக்கும் இடத்திலும் மூலப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வீண் வேலை அல்ல என்பதற்கு, இங்கிலாந்தின் திருமணப் பதிவேடு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1837-இல் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பதிவிலும் மணமக்களின் பெயர், வயது, தொழில், வசிப்பிடம் ஆகியவற்றோடு, இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் எழுதப்பட்டன. தாயின் பெயருக்கு அங்கே இடம் கிடைத்தது 2021-இல்தான். அட்டவணையில் பெரும்பாலும் மணமக்களும் தந்தையரும் தேதியும் மட்டுமே இருக்கும். படத்தைத் திறந்தால், வயதுக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'நிறைவயது' என்று மட்டும் எழுதியிருப்பதைக் காணலாம். அது இருபத்தொரு வயது நிறைந்தவர் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுவிடக் கூடாது. தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானார்' என்ற குறிப்பு சில பதிவுகளில் இருக்கும். அவருடைய இறப்பை எந்த ஆண்டுக்கு முன்னால் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு சொல் தீர்மானித்துவிடும். கீழே கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி இருந்தால் அவர் தம் பெயரை எழுதத் தெரியாதவராக இருந்திருக்கலாம். அவர் பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருப்பதற்குக் காரணமும் அங்கே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சிகள். ஒரே சாட்சியின் பெயர் அண்ணன் திருமணத்திலும் தங்கை திருமணத்திலும் வந்தால், அவர் உறவினராக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அவருடைய ஊரைத் தேடிப் போனால் கொள்ளுத்தாத்தாவின் ஊரும் அகப்படக்கூடும். ஆளைக் காணவில்லை என்றால் அவரோடு பழகியவர்களைத் தேடு என்பது இந்தத் துறையில் கைவந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வழி. அந்த வழியில் நடப்பதற்கு வேண்டிய பெயர்கள் இந்தப் படங்களில்தான் இருக்கின்றன.

2024-இல் சோதனை முயற்சியாக அறிமுகமான முழுவுரைத் தேடல் இந்த வேலையை வெகுவாகக் குறைத்திருக்கிறது. பதிவேட்டின் கையெழுத்து முழுவதையும் கணினி படித்து வைத்திருப்பதால், ஓர் ஆவணத்தின் நடுவில் எங்கோ சாட்சியாகவோ பக்கத்து நிலத்துக்காரராகவோ வரும் பெயரைக்கூடத் தேட முடிகிறது. அமெரிக்காவின் நிலப் பத்திரங்கள், உயில் ஆவணங்கள், மெக்சிகோவின் நோட்டரி ஆவணங்கள் ஆகியவற்றில் தொடங்கிப் பின்னர் இது விரிவுபடுத்தப்பட்டது. பிறப்புப் பதிவு இல்லாத ஒருவருடைய தந்தை யார் என்பதை, சொத்துப் பிரிவினை ஆவணம் ஒன்று ஒரே வரியில் சொல்லிவிடுவது உண்டு. கணினியின் வாசிப்பில் பிழைகள் இருக்கும். பக்கத்தைத் திறந்து நம் கண்ணால் படித்த பிறகே எதையும் ஏற்க வேண்டும்.

குடும்ப மரம் என்ற பகுதியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி மரம் இல்லை. உலகம் முழுவதற்கும் ஒரே மரம். இறந்துபோனவர் எவரையும் எந்தப் பயனரும் திருத்தலாம், ஒரே ஆள் என்று கருதி இரண்டு பேரை இணைத்தும் விடலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் மட்டும் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் காக்கப்படுகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலே ஆள் ஒருவர்தான் என்று அவசரப்படுகிறவர்களால் இந்த மரத்தில் தவறான கிளைகள் வளர்ந்திருக்கின்றன. ஒருவர் பெயருக்குக் கீழே ஒரே மாதத்தில் வெகு தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில் பிறந்த பிள்ளைகள் இருந்தால், அங்கே இரண்டு மனிதர்கள் கலந்துவிட்டார்கள் என்று பொருள். மரத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் ஆயத்தமாக இருப்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன், இணைக்கப்பட்ட ஆதாரங்களையும், யார் எப்போது என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்ற வரலாற்றையும் திறந்து பார்ப்பது கட்டாயம். அந்த வரலாறு முழுமையாகப் பேணப்படுவதும், தவறான இணைப்பைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிவதும் தளத்தின் நேர்மைக்குச் சான்று. என்றாலும் நான் மரத்தைத் துப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். சான்றாக ஒருபோதும் கொள்வதில்லை.

சில படங்களின் மேல் சாவிக் குறி இருக்கும். ஆவணத்தின் உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால், அவற்றை ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைவு பெற்ற நூலகத்திலோ இருந்துதான் பார்க்க முடியும். தொலைவில் வசிப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய தடை.

மரபணுச் சோதனை இந்தத் தளத்தில் கிடையாது. ஆவணம் முற்றிலும் இல்லாத இடத்தில் அதற்கு இணையான உதவி வேறில்லை என்பதால் இந்தக் குறையைச் சொல்லாமல் விட முடியாது. கொள்ளுத்தாத்தாவிடமிருந்து நமக்கு வந்துசேர்வது சராசரியாக 12.5 விழுக்காடு மரபணு. அதே தம்பதியின் வேறொரு பிள்ளைவழி வந்த, நம் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரோடு நாம் பகிர்வது சராசரியாக 3 விழுக்காடு அளவில் இருக்கும். அந்த அளவே உறவை உறுதிப்படுத்தப் போதும். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் ஆகிய கட்டணத் தளங்களுக்குப் போக வேண்டியது இதற்காகவும், அவற்றில் மட்டும் உள்ள சில தொகுப்புகளுக்காகவும்தான்.

எந்தத் தளத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன், ஃபேமிலிசர்ச்சின் ஆய்வு விக்கியில் நமக்கு வேண்டிய நாட்டின் பக்கத்தைப் படித்துவிட வேண்டும். எந்த ஆவணம் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, எது அழிந்துபோனது என்பதை அங்கே அறியலாம். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீயிலும் அதன் பின்விளைவுகளிலும் அழிந்தது. அயர்லாந்தின் பொது ஆவணக்காப்பகம் 1922-இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது. அந்நாட்டுக் கணக்கெடுப்புகளில் முழுமையாக எஞ்சியவற்றில் மிகப் பழையது 1901-ஆம் ஆண்டினுடையது. இல்லாத ஆவணத்தைத் தேடி மாதங்களைச் செலவிடாமல், அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய தேவாலயப் பதிவு, நில வரிப் பட்டியல், உயில் போன்றவற்றுக்கு உடனே திரும்பிவிட இந்தப் பக்கங்கள் வழிகாட்டுகின்றன.