நாலு வருடமாக லினக்ஸ் சிஎன்சி: எல்லாம் சரி, அந்த 2-ம் 3-ம் தவிர

போன வாரம் கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். என் லேத்தை (கடைசல் மெஷின்) பார்த்துவிட்டுப் போய், அவனும் ஒரு பழைய நாலரை அடி லேத்துக்கு சர்வோ மோட்டார் மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து மெஷினை ஓட்டும் லினக்ஸ் சிஎன்சி சாஃப்ட்வேரைப் போட்டிருக்கிறான்.

"அண்ணா, டயா 1.6 எம்எம் ஏறி வருதுங்கண்ணா. நீளமெல்லாம் கரெக்டா இருக்குதுங்க. ஜி42-வ எடுத்துட்டா டயாவும் சரியா வருது, ஆனா டேப்பர் உதைக்குது."

"டூல் டேபிள்ல க்யூ எவ்வளவு போட்டிருக்கே?"

"3-ங்கண்ணா. கம்பெனியில ஃபேனக்ல எப்பவும் 3 தானுங்களே."

"2 போடு."

(ஜி42 என்பது டூல் மூக்கின் வட்டத்துக்கு ஈடுகட்டச் சொல்லும் கட்டளை. க்யூ என்பது டூல் முனை எந்தப் பக்கம் என்று சொல்லும் எண். ஃபேனக் என்பது கம்பெனி மெஷின்களில் வரும் கன்ட்ரோலர். டேப்பர் என்றால் சரிவாகக் கடையும் பகுதி.) இந்த ஒரு வார்த்தையை நாலு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். இன்ஸ்டால் செய்வது, சர்வோ டியூனிங் எல்லாம் மற்றவர்கள் நிறையவே சொல்லியாகிவிட்டது. எனக்கு நாலு வருடமாகத் தொண்டையில் சிக்கிய முள் இந்த எண் மட்டும்தான்.

விஷயம் இதுதான். இன்சர்ட்டின் (டூல் நுனியில் மாட்டும் வெட்டும் துண்டு) மூக்கு கூர்மையான புள்ளி இல்லை, சின்ன வட்டம். ஜாப்பில் (கடையும் துண்டில்) தொட்டு ஆஃப்செட் (டூல் நிற்கும் இடக் கணக்கு) எடுக்கும்போது எக்ஸுக்கு, அதாவது டயா திசைக்கு, அந்த வட்டத்தின் ஒரு பக்கமும், இசட்டுக்கு, அதாவது நீளத் திசைக்கு, இன்னொரு பக்கமும் தொடுகிறது. இரண்டும் சேரும் மூலையில் உலோகமே கிடையாது, வெறும் காற்று. ஆனால் கன்ட்ரோலர் அந்தக் காற்றுப் புள்ளியைத்தான் டூல் முனை என்று நம்புகிறது. வட்டத்தின் மையத்திலிருந்து அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் 1 முதல் 8 வரையிலான அந்த க்யூ எண் சொல்கிறது. 9 என்றால் மையமேதான்.

இதுவரை ஃபேனக்கும் லினக்ஸ் சிஎன்சியும் ஒன்று. அப்புறம்தான் வம்பு. ஃபேனக்கில் வெளிப்புறம் கடையும் டர்னிங் டூலுக்கு 3, உள்துளை கடையும் போரிங் பாருக்கு 2. லினக்ஸ் சிஎன்சியில் டர்னிங்குக்கு 2, போரிங்குக்கு 3. அப்படியே தலைகீழ். இரண்டுமே தப்பில்லை, அவரவர் போட்ட நம்பர். ஆனால் பத்து வருடம் ஃபேனக் ஓட்டின கை யோசிக்காமல் 3-ஐத்தான் அழுத்தும். எர்ரர் வராது. வரவும் முடியாது, ஏனென்றால் 3 என்பதும் ஒழுங்கான எண்தான். டர்னிங் டூலைப் போரிங் பார் என்று நினைத்துக்கொண்டு மெஷின் சமர்த்தாக ஓடும்.

கணக்குப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. 0.4 நோஸ் ரேடியஸ் என்றால், முனை வட்டத்தின் எதிர்ப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு மெஷின் 0.8 விலகி நிற்கும். டயாவில் அது 1.6. இசட்டில் 2-ம் 3-ம் ஒரே பக்கம், அதனால் நீளம் மட்டும் பிசகாது. நீளம் சரி, டயா மட்டும் ரேடியஸைப் போல நாலு மடங்கு ஏறுகிறதா? வேறு எங்கும் தேட வேண்டாம். (தம்பி டூல் டேபிளில் டி என்ற இடத்தில் 0.8 போட்டிருந்தான். ஃபேனக் ரேடியஸைக் கேட்கும், இது விட்டத்தைக் கேட்கும். அதை மட்டும் எப்படிச் சரியாகப் பிடித்தான் என்று தெரியவில்லை.)

நான் என்ன செய்தேன் தெரியுமா? காரணம் தேடப் பொறுமையில்லாமல் ஆஃப்செட்டில் 1.6-ஐக் குறைத்துவிட்டேன். டயா வந்தது, டேப்பரும் வந்தது, இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஜி42 இல்லாத ஒரு சாதா புரோகிராமை அதே டூலில் ஓட்டினேன். பம்ப் ஷாஃப்ட், ஈஎன்8 ஸ்டீல். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பதற்குள் ஆறு துண்டு 1.6 குறைவாக வந்து ஸ்கிராப் டப்பாவுக்குப் போய்விட்டது. ஆறையும் எடைக்குப் போடாமல் இன்னும் பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எக்ஸ் திசையிலும் ஒரு இன்சர்ட்டை உடைத்திருக்கிறேன், அதில் சாஃப்ட்வேரைச் சொல்லிப் பயனில்லை. புத்தகப் படத்தில் எக்ஸ் பிளஸ் மேலே போகிறது என்று, என் லேத்திலும் எனக்கு எதிர்ப்பக்கம் போவதைப் பிளஸ் ஆக்கினேன். அந்தப் படம் டரட் (டூல்கள் மாட்டிய சுழல் தலை) பின்னால் இருக்கும் மெஷினுக்கானது. என் டூல் போஸ்ட் என் வயிற்றுப் பக்கம் இருக்கிறது. டூலை விலக்க எக்ஸ் பிளஸ் அழுத்தினேன், நேராக ஜாப்புக்குள் போனது. டூல் எந்தப் பக்கம் இருந்தாலும் சுழலும் மையத்தை விட்டு விலகினால் எக்ஸ் பிளஸ், ஜாப்பைப் பிடித்திருக்கும் சக்-ஐ விட்டு விலகினால் இசட் பிளஸ். வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இது புரிந்த பிறகு கிடைத்த சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்க டூல் போஸ்ட்டில், இல்லாத ஒய் அச்சு தரையைப் பார்த்து நிற்கிறது. அதனால் வலஞ்சுழி வளைவுக்கான ஜி2, மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் தெரியும்; ஜி3 அதற்கு எதிர். முதலில் தலை சுற்றும். ஆனால் அதன் பலன் பெரிது: டரட் பின்னால் இருக்கும் நண்பரின் மெஷினில் ஓடிய ஃபினிஷிங் வரிகளை, ஒரு ஜி3-ஐக்கூட மாற்றாமல் என் லேத்தில் ஓட்டினேன். ஜாப்பின் முகத்திலிருந்து சக்-ஐ நோக்கிப் போகும் வெளி மூலை ரேடியஸ் அங்கேயும் ஜி3, இங்கேயும் ஜி3. புரோகிராம் தொடக்கத்தில் ஜி18 (எக்ஸ்-இசட் தளம்), ஜி7 (எக்ஸை விட்டமாக எடு) இரண்டையும் நானே சேர்த்துக்கொண்டேன். லேத் என்று சொல்லி வைத்தாலும் இது எக்ஸ்-ஒய் தளமான ஜி17-ல்தான் விழிக்கும், எக்ஸையும் ரேடியஸாகத்தான் எடுக்கும்.

மற்றபடி குறை சொல்ல மனசில்லை. ஜி76-ல் மரை வெட்டும்போது ஒவ்வொரு பாஸும் அதே தடத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டிருக்கிறேன். சாஃப்ட்வேருக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. நாலு வருடத்தில் ஒரு தடவைகூட நடு வேலையில் நின்றதில்லை.

வாங்கலாமா, போடலாமா என்று கேட்டால், ஃபேனக் பழகிய ஆள் ஓட்டும் பட்டறைக்கு வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். என் லேத்திலிருந்து கழற்றுவேனா என்று கேட்காதீர்கள்.

தம்பி சாயங்காலமே 2 போட்டுப் பார்த்து, மைக்ரோமீட்டர் படத்தோடு ஒரு கும்பிடு அனுப்பினான். மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடியும் போன்.

"அண்ணா, இப்ப புஷ்ல உள் டயா 1.6 கம்மியா வருதுங்கண்ணா."