ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வருகிறவர்களே, பேங்கில் உஷாராக இருங்கள்: எங்கள் 5 லட்சம் மாட்டிக்கொண்டது

ஈரோட்டில் ஒரு தனியார் வங்கிக் கிளை. பெயர் வேண்டாம் என்று வீட்டுக்காரர் தடுக்கிறார், இல்லையென்றால் போட்டிருப்பேன்.

அவர் போன வருஷம் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். கிராஜுட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் பணம்), குரூப் இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே கணக்கில் வந்து விழுந்தது. அந்த வாரமே பேங்கிலிருந்து போன்.

நேரில் போனால், மேஜையில் இருந்த பையன் சட்டென்று எழுந்து நின்று "ராம் ராம் சாப்" என்றான். அவன் அப்பாவும் மெட்ராஸ் ரெஜிமென்டாம், வெலிங்டனில் டிரெயினிங்காம். அவ்வளவுதான். சந்தையில் வெங்காயத்தைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிற மனுஷன், நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். "ஜவான்களுக்குன்னே ஸ்பெஷல் எஃப்.டி.ங்கக்கா, ஒரு தடவை போட்டாப் போதுமுங்க." அப்புறம் ஒரு போன் வரும், எது கேட்டாலும் 'யெஸ்' சொல்லுங்க, சும்மா ஃபார்மாலிட்டி என்றான்.

இப்போது மெசேஜ் வருகிறது, இரண்டாவது பிரீமியம் 5 லட்சம் கட்டச் சொல்லி. எஃப்.டி.க்கு ஏதுங்க பிரீமியம்? பத்து வருஷம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடாம் அது. பென்ஷன்காரர் வருஷாவருஷம் 5 லட்சத்துக்கு எங்கே போவார்? விண்ணப்பத்தில் தொழில் 'வியாபாரம்' என்று அவனே நிரப்பியிருக்கிறான்.

கேட்டால், அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். மேனேஜர் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார், கம்பெனி பேங்கைக் கேட்கச் சொல்கிறது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் ரத்து செய்திருக்கலாமே என்று புத்தி வேறு. பாலிசியை அனுப்பியதே பழைய யூனிட் அட்ரஸுக்கு, ஜம்முவுக்கு! பெருந்துறை ஈமு கோழிக்காரர்களாவது தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஏமாற்றினார்கள். இது ஏ.சி. ரூம்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் படையில் ஓய்வு பெற்றவர்கள் 50 வயதிலேயே சேரலாம். நாற்பதுக்குள் வெளியே வருகிற ஜவானுக்கு அதுவும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் இவர்கள் வலை போடுகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. 'பிரீமியம்' என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஓய்வுக்கு முன்பே எல்லா இடத்திலும் வீட்டு முகவரி கொடுங்கள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போங்கள், கட்டணம் கிடையாது. எங்கள் மனுவை இன்றைக்கே தபாலில் போட வேண்டும், கிளம்புகிறேன்.