பி4: லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் அனுப்புவோருக்கு உதவுமா?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப வரும் புதியவர்கள் பெரும்பாலும் சி மொழியில் தடுமாறுவதில்லை, மின்னஞ்சலில்தான் தடுமாறுகிறார்கள். இங்கே கிட்ஹப்பில் போலப் புல் ரிக்வெஸ்ட் கிடையாது. பேட்ச் மடலுக்குள்ளேயே எழுத்தாகப் போக வேண்டும். ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகும், நீண்ட வரிகள் உடையும், அந்தப் பேட்ச் யார் கணினியிலும் பொருந்தாது. இந்தத் தலைவலியைக் குறைப்பதற்காகக் கான்ஸ்டன்டின் ரியாபிட்செவ் பைத்தானில் எழுதிய கருவி பி4. முதலில், பேட்சுகளைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளர்களுக்காக வந்தது. 2022இல் வெளியான 0.10 பதிப்பில்தான் அனுப்புவோருக்கான பிரெப், சென்ட், டிரெய்லர்ஸ் கட்டளைகள் சேர்ந்தன. பழைய உபுண்டுவில் அதற்கும் முந்தைய பதிப்பு கிடைக்கலாம். அப்போது பைத்தான் கருவிகளை நிறுவும் பிப்எக்ஸ் மூலம் நிறுவுங்கள்.

‘பி4 பிரெப் -என்’ கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) ஒரு புதிய கிளையைத் தொடங்கும். எந்த இடத்திலிருந்து கிளை பிரிகிறது என்பதை -எஃப் கொடுத்துச் சரியாகச் சொல்லுங்கள். ஸ்டேஜிங் (இன்னும் பக்குவப்படாத டிரைவர்களுக்கான பகுதி) டிரைவரைத் தொடுகிறீர்கள் என்றால் ஸ்டேஜிங் மரத்தின் ஸ்டேஜிங்-டெஸ்டிங் கிளைதான் அடித்தளம். இதில் பிசகினால் அடுத்தவர்களின் கமிட்டுகளும் (பதிவான மாற்றங்கள்) உங்கள் பேட்ச் தொடரில் ஏறிவிடும். அறிமுகக் கடிதத்தை ஒரு வெற்றுக் கமிட்டில் பி4 வைத்திருக்கும். ரீபேஸ் (கமிட்டுகளைத் திருத்தி மறுபடி அடுக்குவது) செய்யும்போது ‘காலிதானே’ என்று அதை நீக்கிவிடாதீர்கள். ஒரே பேட்ச் என்றால் தனிக் கடிதம் போகாது, அந்த உரை கமிட் செய்திக்குப் பின் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே வரும். யாருக்கு அனுப்புவது என்பதை ஆட்டோ-டூ-சிசி திரட்டித்தரும்.

எங்கள் பார்வையில், இந்தக் கருவியை நிறுவ ‘சென்ட் --ரிஃப்ளெக்ட்’ ஒன்றே போதுமான காரணம். தொடர் முழுவதும் உண்மையான சர்வர் வழியாகவே போகும், ஆனால் உங்களுக்கு மட்டும் வந்து சேரும். வந்த மடலை மூல வடிவில் சேமித்து, சுத்தமான கிளையில், மடலிலுள்ள பேட்சைப் பொருத்தும் கிட் ஏஎம் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் வழியில் சர்வர் எதையோ மாற்றியிருக்கிறது. இதை ஊரறிய அனுப்புவதற்கு முன்பே தெரிந்துகொள்வது பெரிய நிம்மதி.

அடுத்த பலம் உங்கள் பேட்சின் இரண்டாம் பதிப்பு. அனுப்பி முடித்ததும் பி4 அதற்கு டேக் போட்டு, எண்ணைத் தானே வி2 ஆக்கி, மாற்றப் பட்டியலுக்கு இடமும் முந்தைய பதிப்பின் சுட்டியும் வைத்துவிடும். கையால் செய்பவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது இங்கேதான். ‘டிரெய்லர்ஸ் -யு’ பிறர் தந்த ரிவ்யூட்-பை (‘பார்த்துச் சரி என்றேன்’) வரிகளைக் கமிட்டுகளில் சேர்க்கும். ஆனால் பேட்சைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்த வரியை நீங்களே நீக்க வேண்டும். அவர் பார்த்தது வேறு நிரல். வி2 அனுப்ப அவசரம் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) நேரத்தில் இன்னும் தாமதமாகும்.

எஸ்எம்டிபி (மடல் அனுப்பும் சர்வர்) வசதி இல்லாதவர்களுக்கு கெர்னல்.ஆர்க் இணைய வழியும் உண்டு. கையொப்பச் சாவி உருவாக்கி, மின்னஞ்சல் முகவரியை உறுதிசெய்தால் போதும். அனுப்புநர் இடத்தில் ‘வயா பி4 ரிலே’ என்று தெரியும். உள்ளே தனி வரியில் உங்கள் பெயர் போவதால் பேட்சின் ஆசிரியர் நீங்களாகவே இருப்பீர்கள்.

பி4 செய்யாத வேலை கமிட் செய்தி. ‘பிரெப் --செக்’, பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்சை ஓட்டும், அவ்வளவுதான். ‘ஃபிக்ஸ் வார்னிங்’ என்ற தலைப்பு அதில் தேறிவிடலாம், பராமரிப்பாளரிடம் தேறாது. ‘ஸ்டேஜிங்: ஆர்டிஎல்8723பிஎஸ்: ரிமூவ் அன்யூஸ்டு வேரியபிள்’ என்று துணைப்பிரிவு, டிரைவர், செயல் மூன்றும் தெரிய வேண்டும். அந்த மாறி ஏன் தேவையில்லை என்பது உடலில் வர வேண்டும். பழைய பிழையைத் திருத்தினால், அதைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளக் குறியீட்டில் முதல் 12 எழுத்துகளுடன் ஃபிக்ஸஸ் வரி அவசியம். சைன்ட்-ஆஃப்-பை (‘இதைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்ற உங்கள் கையொப்ப வரி) இல்லாத பேட்சை யாரும் ஏற்கமாட்டார்கள்.