சுங்கை சிப்புட்டில் ஒரு மின்பழுதுக் கடை

சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துக்குப் பழுதுபார்க்க வரும் மின்சாமான்களில் பலவற்றுக்கு மோட்டாரிலோ மின்சுற்றுப் பலகையிலோ கோளாறு இருப்பதில்லை. சுவிட்சின் தொடுமுனையோ சாக்கெட்டின் கவ்வியோதான் சரியாகப் பிடிக்காமல் இருக்கும். கடைவரிசையின் கோடியில் இருக்கும் இந்தச் சிறிய கடையின் அண்ணன் இந்த இணைப்புகளிலிருந்துதான் சோதனையைத் தொடங்குகிறார் என்பதால், தேவையில்லாத உதிரிபாகங்களுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று சோதிக்கும்போது மீட்டரில் 'பீப்' ஒலி கேட்டதும் இணைப்பு நன்றாக உள்ளது என்று அவர் முடிவு செய்வதில்லை. அந்தச் சோதனையில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது, 0.1 ஓம் தடை அதில் தெரியாமலே போகலாம். ஆனால் 13 ஆம்பியர் பாயும்போது அதே 0.1 ஓம் ஏறக்குறைய 17 வாட் வெப்பத்தை ஒரு சிறு கவ்விக்குள் உண்டாக்கும்; வெப்பத்தால் கவ்வியின் இறுக்கம் தளரும், தளர்ந்தால் தடை மேலும் கூடும். ஆகவே, நான் கொடுத்த, ஒரு துளை பழுப்பேறிய எக்ஸ்டென்ஷனில் கெட்டிலை ஓடவிட்டு, கவ்வியின் இருபுறமும் எவ்வளவு மின்னழுத்தம் குறைகிறது என்று அளந்தார். கவ்வியை நெருக்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். சூடேறித் தளர்ந்த உலோகம் பழைய விறைப்பைத் திரும்பப் பெறாது என்று மறுத்து, சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரையுள்ள புதிய சாக்கெட்டைப் பொருத்தினார். கூலி சாக்கெட்டின் விலையைவிடக் கூடுதல்தான். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அவருடைய திறமை நன்றாகத் தெரிந்தது எங்கள் கோவிலின் ஆம்ப்ளிஃபயரில். மைக் ஒலி விட்டுவிட்டு வந்ததற்கு, உள்ளே இருந்த ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வெள்ளி முனைகள் கறுத்து, அவற்றின் மேல் ஒரு மென்படலம் படிந்திருந்ததே காரணம். விளக்கு, மோட்டார் போன்ற சுமைகளில் 230 வோல்ட் அந்த மென்படலத்தை உடைத்துவிடும். மைக்கின் சில மில்லிவோல்ட்டுக்கு அந்த வலு கிடையாது. கையிருப்பில் இருந்த பெரிய வெள்ளிமுனை ரிலே மலிவாக இருந்தும் அதைப் போட மறுத்து, தங்கப்பூச்சுள்ளதை வரவழைத்தார். உப்புத்தாள் தேய்த்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு அவரிடம் நல்ல திட்டு கிடைக்கும். பல இணைப்பிகளில் தங்கப்பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது, தேய்த்தால் போய்விடும். வெள்ளிமுனை ரிலேக்களை ரப்பர் வளையத்தால் கட்டிவைக்கவும் விடமாட்டார், ஏனெனில் பதப்படுத்திய ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பால்மரம் வெட்டிப் பிழைத்த ஊரில் இதை அறிந்தவர் சிலரே.

மருந்து தெளிக்கும் பம்பின் சுவிட்சையும் கொடுத்தேன். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. என்ன மாற்றினார் என்று ரசீதில் எழுதுவதில்லை, கேட்டால்தான் பழைய பாகத்தைக் கொடுக்கிறார். வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட்டுகளைத் தொடமாட்டார். அதற்குப் பதிவுபெற்ற வயர்மேனைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார், இது சரியான செயல்தான் என்றாலும் அலைச்சல் நமக்கு. சொன்ன நாளில் பொருள் கைக்கு வருவது அரிது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் கோவில் ஒலிபெருக்கிகள் கடையை அடைத்துக்கொள்வதால், வீட்டுச் சாமான்களை அதற்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.